தண்ணீர் எடுக்கும் நாள்

மாதத்தில் ஒரு புதன்கிழமை எங்கள் ஓடையில் நான் போத்தலில் தண்ணீர் பிடிப்பேன். மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே ஓடும் ஓடை அது. குடிப்பதும் குளிப்பதும் அதில்தான். மேல்மலையில் புல்லுக்கு மருந்தடிப்பவர்கள் டாங்கியைக் கழுவுவதும் அதில்தான். வருடக்கணக்கில் தண்ணீர் எப்படி மாறுகிறது என்று பார்க்க டவுனிலிருந்து ஒரு மிஸ் வருவார். என் வீடு லயத்தின் கடைசி வீடு என்பதால் போத்தல் என் கைக்கு வந்தது. வேறு தகுதி எதுவும் கேட்கப்படவில்லை.

"தண்ணி கெட்டுப்போகுதுன்னு இந்தக் கணக்கு காட்டுச்சுன்னா, மேல ஊத்துல இருந்து குழாய் போட்டுத் தருவாங்க அக்கா" என்றார் மிஸ் முதல் நாளே. எனக்கு அது போதும். மகளுக்கு அப்போது மூன்று வயது. வயிற்றோட்டம் என்று அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடாத மாதமே கிடையாது. அந்தக் குழாய்க்காகக் கோயிலில் தேங்காய்கூட உடைத்திருக்கிறேன்.

வருவதற்கு முந்தின நாளே மிஸ் போன் பண்ணிவிடுவார். நான் உடனே லயம் முழுக்கச் சொல்லிவிடுவேன். "நாளைக்கு மிஸ் வர்றாங்க. யாரும் மேல துணி தொவைக்காதீங்க. மானத்த வாங்கிறாதீங்க!" வெளியாள் வந்தால் வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளிப்போம் அல்லவா, ஓடையையும் அப்படியே கூட்டினோம். பெண்கள் இறங்கி ஷாம்பு பைக்கட்டெல்லாம் பொறுக்கினார்கள். மருந்தடிக்கும் என் வீட்டுக்காரர் அன்றைக்கு மட்டும் டாங்கியைச் சுமந்துகொண்டு அடுத்த மலைக்கு நடந்தார்.

"ஏன்டி, ஓடையப் பொண்ணு பாக்கவா வர்றாங்க?"

"வாய மூடிக்கிட்டுப் போங்க" என்றேன்.

ஆறு வருடம் இப்படியே போனது. நிறம் இல்லை, வாசம் இல்லை என்று கொப்பியில் முத்து முத்தாக எழுதினேன். பெருமையாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

போன மாதம் மிஸ் ஒரு பெரிய தாளைக் கொண்டுவந்து விரித்தார். கோடு நேராகப் போயிருந்தது.

"அக்கா, இந்தப் பக்கத்துலயே ஒங்க ஓடைதான் சுத்தம். அதனால குழாய வேற தோட்டத்துக்குக் குடுத்துட்டாங்க."

சுத்தம் என்றதுமே லயத்துப் பெண்கள் கைதட்டிவிட்டார்கள். குழாய் என்றது அப்புறம்தான் உறைத்தது. எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"மிஸ், நீங்க வர்ற அன்னைக்கு மட்டுந்தான் இது சுத்தம். நாந்தான் எல்லாருக்கும் சொல்லி வச்சேன்."

மிஸ் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தாளைச் சுருட்டினார்.

"அப்ப இது ஒண்ணும் செல்லாதுக்கா. மொதல்ல இருந்து பாக்கணும்."

"எத்தன வருசம் மிஸ்?"

"இதே மாதிரி ஆறு வருசந்தான்."

மகளுக்கு இப்போது ஒன்பது வயது.

நேற்று மிஸ் போன் பண்ணினார். யாரிடமும் நான் மூச்சுவிடவில்லை. இன்று காலை போத்தலையும் குடத்தையும் எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினேன். கல் இடுக்கெல்லாம் நுரை. மேலே யாரோ டாங்கி கழுவியிருக்கிறார்கள். யார் என்று நான் தேடவில்லை, என் வீட்டுக்காரர் விடிந்ததும் மருந்தடிக்கப் போயிருந்தார். போத்தலை நிரப்பி மூடினேன். கொப்பியில் முதல் தடவையாக, வாசம் மருந்து என்று எழுதினேன்.

பிறகு கையால் நுரையை ஒதுக்கிவிட்டு, அதே இடத்தில் குடத்தை முக்கினேன். மகள் பள்ளிக்கூடம் போகுமுன் சோறாக்க வேண்டும்.