தாஜிவாஸ் பனியாறு வரை

1954 ஜூன் மாதம், ஒரு காலை ஏழு மணிக்குக் காஷ்மீரத்துச் சோனமார்க்கிலிருந்து புறப்பட்டோம். தாஜிவாஸ் பனியாறு அங்கிருந்து ஏறத்தாழ மூன்று மைல். ஏறிப்போகக் குதிரைக்கு நான்கு ரூபாய் கேட்டார்கள்.

"வேண்டாம், நடப்பேன்" என்றேன்.

என் கணவருக்குக் கோட்டாறில் ஜவுளிக்கடை. வியாபாரமாக அமிர்தசரஸ் வந்தவரை நான்தான் பிடிவாதமாகக் காஷ்மீர் வரை இழுத்து வந்தேன். ஒன்றரை வருடம் காசநோய் ஆஸ்பத்திரியில் கிடந்தவள் நான். குணமாகிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும், தக்கலையில் இருக்கும் மாமியார் என் மகளைத் திருப்பி அனுப்பவில்லை. "மூச்சுக்குப் பெலம் வரட்டும்" என்பார். வந்துவிட்டதா என்று நானே பார்த்துவிட நினைத்தேன்.

முதல் மைல் புல்வெளி. பிறகு இருபுறமும் மலைகள் நெருங்கிவர, உருண்டைப் பாறைகளுக்கு நடுவே கஞ்சித்தண்ணீர் நிறத்தில் ஓடை இரைந்தது. பத்து மணிக்கு, செங்குத்தான ஏற்றத்தில் எனக்கு இருமல் வந்தது. அவர் என் கைக்குட்டையைப் பிடுங்கி விரித்துப் பார்த்தார். வெள்ளையாகவே இருந்தது.

"ஏட்டி, போரும். திரும்பிருவோம். ஒனக்கு என்னமாம் ஆச்சுண்ணா நான் ஊர்ல என்ன சொல்லுவேன்?"

"அவ நடந்து செத்தாண்ணு சொல்லுங்க. கெடந்து செத்தாண்ணு சொல்லப்படாது."

கோபத்தில் அவர் ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். நான் நடந்தேன். கொஞ்சம் ஏறுவேன், நிற்பேன், மறுபடி ஏறுவேன். சற்றுக் கழித்துப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் கைகொடுக்க வரவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

பனியாறு படத்தில் பார்த்ததுபோல் வெள்ளை இல்லை. மண்ணும் சரளையும் அப்பிய அழுக்குப் பனி. வெடிப்புகளுக்குள் மட்டும் நீலம். அதன்மேல் கையை வைத்து, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, "செல்லம்மா!" என்று மகளைக் கூப்பிட்டேன். மலை திருப்பிக் கூப்பிட்டது. இருமல் வரவில்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

"ஊருக்குப் போவோம்" என்றார்.

பல நாள் பயணத்துக்குப் பிறகு, ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டியதும் எங்கள் ஊர்ப்பக்கத்து வயல் பச்சை கண்ணில் பட்டது. வீட்டுக்குப் போகாமல் நேரே தக்கலைக்குப் பஸ் ஏறினோம். மாமியார் வாயைத் திறப்பதற்குள், "ஒண்ணும் கேக்காதீங்கம்மா. பிள்ளைக்க துணிய எடுங்க" என்றார் இவர்.

மகளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. கோட்டாறு வரும்வரை பாட்டியைக் கேட்டு அழுதாள். அழட்டும். என் மடியில் இருந்துதான் அழுதாள்.