கரி முதலாளி மேடையேறிய பொங்கல்

என் கணவர் நிலக்கரி ஆபீஸில் மேனேஜராக இருந்தார். தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் கரியை லாரிகளில் ஏற்றி, செங்கல் சூளைகளுக்கும் ஆலைகளுக்கும் அனுப்பும் ஒரு வியாபாரியிடம் வேலை. நான் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் புவியியல் டீச்சர். வகுப்பில் புகையால் பூமி சூடாவதைப் பற்றிப் பாடம் நடத்திவிட்டு வீட்டுக்கு வந்து, அவருடைய சட்டைக் காலரில் படிந்த கரியைச் சோப்புப் போட்டுத் தேய்ப்பேன். இதில் எனக்கு ஒரு முரண்பாடும் அப்போது தெரிந்ததில்லை.

கல்லூரிக் காலத்திலிருந்தே பட்டிமன்றங்களில் பேசி வந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு விட்டுவிடுவேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர்தான் விடவில்லை. கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, நான் வேகமாகப் பேசினால் கையைத் தாழ்த்திப் ‘பைய, பைய’ என்று சைகை காட்டுவார்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு கார்த்திகை மாதம். ஜப்பானில் நாடுகளெல்லாம் கூடி, புகையைக் குறைப்பதாகப் பணக்கார நாடுகள் வாக்குக் கொடுக்க வேண்டும் என்று பேசி முடித்திருந்தன. செய்தித்தாள்களில் அதுதான் பேச்சு. எங்கள் பகுதிக் கவுன்சிலர் பொங்கல் விழாக் கமிட்டியின் தலைவர். புதுமையாக ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை உள்ளவர். ‘பூமியின் சூட்டைக் குறைக்கும் பொறுப்பு பணக்கார நாடுகளுக்கா, எல்லோருக்குமா?’ என்று பட்டிமன்றத் தலைப்பு வைத்தார். ‘எல்லோருக்கும்’ என்ற அணியில் நான். ஒரு மாதம் முழுக்கக் குறிப்பு எடுத்தேன்.

விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது கவுன்சிலர் வீட்டுக்கு வந்தார். காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

“டீச்சர், தலைப்பு அதேதான். ஆனா கரியைப் பத்தி மட்டும் பேச வேண்டாம். மரம் நடணும், குப்பையை எரிக்கக் கூடாது, இப்படிப் பேசிருங்க.”

“கரியைப் பேசாம இதுல என்னத்தைப் பேச?”

“பந்தலும் மைக்செட்டும் கரி முதலாளி உபயம்லா. அடுத்த மாசம் தேர்தல் வேற வருது. எங்க கட்சிக்கு லாரியெல்லாம் அவருதான் குடுக்காரு. உங்க வீட்டுக்காரர்ட்ட அவரே சொல்லிட்டாரே. சொல்லலியா?”

சொல்லவில்லை. சாயங்காலம் என் கணவர் வந்ததும் கேட்டேன்.

“ஏங்க, முதலாளி எப்ப சொன்னாரு?”

“பத்து நாள் இருக்கும்.”

“என்ட்ட ஏன் சொல்லல?”

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னார். “சொன்னா எனக்காக நீ விட்டுருவ. விட வேண்டாம்னுதான் சொல்லல.”

நான் கோபப்படத்தான் தயாராக நின்றிருந்தேன். பத்து நாளாக ஆபீஸில் அவர் என்ன சொல்லிச் சமாளித்தார் என்று தெரியவில்லை. ஆனால், அவர் சொன்னதுதான் நடந்திருக்கும். நான் விட்டிருப்பேன்.

மறுநாள் பள்ளி முடிந்ததும், அவரிடம் சொல்லாமல், தூத்துக்குடி ரோட்டில் இருந்த கரிக் கிடங்குக்குப் போனேன். தூசி எழாமல் இருக்கக் குவியல்மேல் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கறுப்புக்கு நடுவில் முதலாளி வெள்ளை வேட்டி சட்டையில் உட்கார்ந்திருந்தார். ஒரு பொட்டுக் கரி அவர்மேல் இல்லை.

“வாங்க டீச்சர், இருங்க. என்ன, எம்மேல கோவமா?”

“கோவம் இல்ல அண்ணாச்சி. ஏன் பேசக் கூடாதுன்னு கேட்டுட்டுப் போக வந்தேன்.”

அவர் குரல் உயர்ந்தது. “உங்க வீட்டு ஃபேன் எதுல ஓடுதுன்னு நெனைச்சிய? கரியிலதான். அமெரிக்காக்காரன் வீட்டுக்கு ரெண்டு காரு வச்சிருக்கான். ஏசியப் போட்டு வீட்டையே குளுர வச்சுட்டு ஒறங்குதான். நூறு வருசமாப் புகை விட்டவன் அவன். இப்பதான் நம்ம கிராமத்துல லைட்டு எரியுது. அதுக்குள்ள அணைன்னா எப்படி? எங்கிட்ட வேலை பாக்குத குடும்பமெல்லாம் எங்கன போவும்?”

நியாயமான கேள்விகள். புத்தகத்தில் படித்தபோது இவ்வளவு உறைக்கவில்லை. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது.

“அண்ணாச்சி, இதையே மேடையில வந்து சொல்லுங்க. எதிர் அணியில ஒரு இடம் இருக்கு.”

“நானா? எட்டாங்கிளாஸ் படிச்சவன் பட்டிமன்றத்துல என்னத்தைப் பேச?”

“இப்பப் பேசினதைப் பேசுங்க. நான் கரியைப் பத்திப் பேசுதேன், நீங்க பதில் சொல்லுங்க. என் வாயைக் கட்டுததைவிட அது நல்லா இருக்கும்லா.”

அவர் சிரித்துவிட்டு, “சரி, வாரேன்” என்றார்.

காணும் பொங்கலன்று மாலை ஐந்து மணிக்கு, எங்கள் பகுதியான வண்ணார்பேட்டையில் ஆற்றங்கரை மைதானத்தில் கூட்டம். முதலாளி பேசப் போகிறார் என்று தெரிந்து, லாரி டிரைவர்கள், லோடுமேன்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மைக்கை வாங்கியதும் அவர் இரண்டு தடவை ஊதிப் பார்த்தார். முதல் கைதட்டலுக்குப் பிறகு கூச்சம் போய்விட்டது. கிடங்கில் என்னிடம் சொன்னதை அதைவிட அழகாகச் சொன்னார். எனக்கே கைதட்டத் தோன்றியது.

கைதட்டல் அவரை இழுத்துக்கொண்டு போனது.

“நம்ம மலைக் கணவாய்ப் பக்கம் கரண்டு எடுக்கக் காத்தாடியா நட்டாம்லா! விட்டமா? கரி வியாபாரி எல்லாரும் ஒண்ணாச் சேந்து மெட்ராஸுக்குப் போனோம். பாக்க வேண்டிய ஆளைப் பாத்தோம். காத்தாடிக்காரனுக்குக் கவர்மெண்டு குடுத்த சலுகையை நிறுத்துங்கன்னோம். பாதி நின்னு போச்சு!”

பெருமையாகத்தான் சொன்னார். கை தட்டியவர்கள் நிறுத்தினார்கள். முன்வரிசையில் கவுன்சிலர் தலையைக் குனிந்துகொண்டார். காற்றாலைக் கம்பெனியில் வேலை கிடைத்துப் போன பையன்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். அவர்களில் சிலர் வேலை இல்லாமல் திரும்பியும் வந்திருந்தார்கள். முதலாளி சட்டென்று உட்கார்ந்துவிட்டார்.

அடுத்தது நான். ஒரு மாதம் எழுதிய குறிப்புகளை நாற்காலியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். அவரைக் கேலி செய்தால் கூட்டம் முழுக்க என் பக்கம் வந்துவிடும் என்று தெரிந்தது. கடைசி வரிசையைப் பார்த்தேன். என் கணவர் கையைக்கூட அசைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“எங்கள் வீட்டில் பொங்கின அரிசி, கரி ஆபீஸ் சம்பளத்தில் வாங்கியது. அதை மறைத்துவிட்டுப் பேச எனக்கு உரிமை இல்லை,” என்று தொடங்கினேன். “அண்ணாச்சியும் எதையும் மறைக்கவில்லை. அவருக்கு நன்றி. பணக்கார நாடுகள் அதிகம் குறைக்க வேண்டும் என்று அவர் சொன்னது சரி. ஆனால் அங்கே ஏன் குறைக்க மாட்டேன் என்கிறார்கள்? அங்கேயும் கரி விற்கிறவர்கள் சேர்ந்து போய், பார்க்க வேண்டிய ஆளைப் பார்க்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிக்கொண்டே நாமும் அதையே செய்தால், யார் யாரைக் கேட்பது? கரி இன்றைக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காற்றுக்கு வழியை அடைக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.”

அவ்வளவுதான் பேசினேன். எனக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. லோடுமேன்கள் பக்கத்திலிருந்துதான் முதலில் கைதட்டல் வந்தது.

நடுவர் விவரமானவர். பணக்கார நாடுகள் முதலில் குறைக்கட்டும், நாமும் கூடவே பழகிக்கொள்வோம் என்று தீர்ப்புச் சொன்னார். முதலாளிக்கு ரோஜா மாலை, எனக்கு ஒரு எவர்சில்வர் தூக்குவாளி.

மறுநாள் என் கணவர் ஆபீஸுக்குக் கிளம்பும்போது இருவருமே சரியாகச் சாப்பிடவில்லை. வேலை போனால் என் சம்பளத்தில் சமாளிக்கலாம் என்று மட்டும் பேசிக்கொண்டோம். சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தார்.

“என்ன சொன்னாரு?”

“‘உம்ம வீட்டம்மா நல்லாத்தான் பேசுனா வே. நாந்தான் வாய விட்டுட்டேன்’னாரு. அப்புறம், ‘நான் பேசுனது எப்படி இருந்துச்சு?’ன்னு நாலு தடவை கேட்டாரு.”

கவுன்சிலர் மட்டும் ஒரு வருஷம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த தடவை கரி வியாபாரிகள் மெட்ராஸுக்குக் கிளம்பியபோது, முதலாளி தனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி, போகாமல் நின்றுகொண்டதாக என் கணவர் சொன்னார். உண்மையாகவே காய்ச்சலாகவும் இருந்திருக்கலாம். மற்றவர்கள் போய்த்தான் வந்தார்கள்.

ஆனால் மேடை ஆசை முதலாளியைப் பிடித்துக்கொண்டது. அதன்பிறகு எந்தக் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பட்டிமன்றம் வைத்தாலும், “எதிர்ல டீச்சர் பேசுதாங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் சம்மதிப்பார். மாமியாரா மருமகளா, சினிமாவா நாடகமா என்று என்னவெல்லாமோ பேசினோம். ஆறு மேடைகளில் எதிரெதிராக நின்றிருக்கிறோம். நான்கில் அவர் ஜெயித்தார்.