பாலாற்று நீர்நாய்க்கு அமிர்தவள்ளி பார்த்த வைத்தியம்

அமிர்தவள்ளிக்கு ஒரு குணம். கிழிஞ்சது எதைப் பார்த்தாலும் கை சும்மா இருக்காது. பஸ் சீட்டு கிழிஞ்சிருந்தால்கூட, இறங்குறதுக்குள்ள நாலு தரம் தடவிப் பார்த்துடுவாள். ஆம்பூரில் தோல் பதனிடுற ஷாப்பில் அத்தனை வருஷம் குப்பை கொட்டினவள் வேற எப்படி இருப்பாள்?

ஷாப்பை மூடினதும் வேலூரில் ஒரு கல்லூரி மியூசியத்தில் வேலை கிடைச்சுது. மாதனூர்லேருந்து தினம் பஸ். பெருக்கணும், கண்ணாடி துடைக்கணும், பாம்பும் தவளையும் மிதக்கிற பாட்டில்ல தண்ணி குறைஞ்சால் சொல்லணும். முதல் வாரம் அந்த அலமாரிப் பக்கம் திரும்பாமலே பெருக்கினாள். அப்புறம் பழகிப்போச்சு.

அங்கே அவளுக்கு உசுரு ஒரு நீர்நாய். நூறு வருஷத்துக்கு முன்னால ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் பாலாத்துல சுட்டு, தோலை உரிச்சு, உள்பக்கம் பூச்சி அரிக்காமல் இருக்கப் பாஷாணம் பூசி, வைக்கோல் அடைச்சுத் தைச்சு வெச்சது. பூச்சி, குருவி எதையும் விட்டுவைக்காத மனுஷர் அவர். பிடிச்ச இடம் மாதனூர்னு பெட்டியிலேயே எழுதியிருந்தது. அட, நம்ம ஊரு! அமிர்தவள்ளி பார்த்த பாலாறு வெறும் மணல். மழை பெஞ்சால் ஷாப்புத் தண்ணியோட நுரை. அதுல ஒரு ஜீவன் முங்கி மீன் பிடிச்சுத் தின்னதா? பெருமை தாங்காமல் பக்கத்து வீட்டு உமைமாகிட்ட சொன்னாள்.

"பாலாத்துல நீர்நாயா? போடி, கதை வுடாத," என்று உமைமா சிரித்தாள். இவளுக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்தது.

"ஒருநாள் கூட்டினு போய்க் காட்றேன், அப்ப பேசு."

அந்த நேரம் பார்த்துத்தானா நீர்நாயின் பின்பக்கத் தோல் வெடிச்சு வைக்கோல் வெளியே வரணும்! அடுத்த வாரம் பள்ளிக்கூடப் பிள்ளைங்க வர்றாங்க, கிழிஞ்சதையெல்லாம் தூக்கிப் போடுங்கன்னு பிரின்ஸ்பால் எபனேசர் சொல்லிவிட்டார். மியூசியத்தைப் பார்த்துக்கிற பேராசிரியை ஃபீபி, "இந்த வேலை தெரிஞ்ச ஆள் வரட்டும், அதுவரைக்கும் யாரும் தொடாதீங்க," என்றார். ஆள் எப்போ வருவார்? அது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அமிர்தவள்ளிக்கு இருப்புக்கொள்ளலை. காஞ்ச தோல்ல ஊசி இறங்காது, முதல்ல ஊறணும். ஷாப்புல பச்சைப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். சனிக்கிழமை சாயந்தரம் கையுறை மாட்டிக்கிட்டு, ஈரச் சாக்கை நீர்நாயின் பின்பக்கத்தில் நல்லா சுத்திவிட்டு வீட்டுக்குப் போனாள். திங்கட்கிழமை தைச்சுட்டால் தீர்ந்தது கவலை.

திங்கட்கிழமை சாக்கை எடுத்தாள். முடியும் கூடவே வந்தது. இடுப்புலேருந்து வால் வரைக்கும் மொட்டை.

ஷாப்புல முடி கழண்டு வந்தால் வேலை நல்லா நடக்குதுன்னு அர்த்தம். ஆயுசுக்கும் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவள். இங்கே முடிதானே எல்லாம்! இந்தப் புத்தி சனிக்கிழமையே வரக்கூடாதா? தரையிலேயே உக்காந்து அழுதாள் பாவம்.

"யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?" ஃபீபிக்கு வந்த கோபத்தில் குரல் கிரீச்சென்றது. "நூறு வருஷத்துத் தோல் இது, தண்ணி பட்டா தாங்குமா, அமிர்தம்?"

"தப்புதான் மேடம். தூக்கிப் போட்ருவாங்களேன்னு பயந்துட்டேன். எங்க ஊருல நீர்நாய் இருந்ததுக்கு இது ஒண்ணுதான் சாட்சி, அதையும் என் கையாலயே கெடுத்துட்டேனே."

ஃபீபி மின்விசிறியை நீர்நாய் பக்கம் திருப்பிவைத்தார். தோல் காய்ந்ததும் இரண்டு பேருமாக வெடிப்பைச் சேர்த்து ஒட்டினார்கள். முன்பக்கம் மீசையோட கம்பீரம், பின்பக்கம் வெறும் தோல்.

பிள்ளைங்க வர்றதுக்கு முந்தின நாள் பிரின்ஸ்பால் வந்து பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"இன்னாங்க இது, பாதி நாயை வெச்சுக்கிட்டு இன்னா பண்றது? எடுத்துடுங்க."

ஃபீபி வாயைத் திறக்கிறதுக்குள்ள அமிர்தவள்ளி முன்னால வந்து நின்றுவிட்டாள்.

"முடி போனது என்னால சார், வேலையை விட்டுப் போன்னா போய்டறேன். ஆனா ஆறு முழுசாப் போச்சு, ஒருத்தரும் கேக்கல. இதாவது பாதி இருக்கே சார், இருந்துட்டுப் போவட்டும்."