வாசிக்காமல் சொன்ன புத்தகம்

நெல்லியடிக்குக் கிட்ட ஒரு சின்ன வாசிகசாலையில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். ஒவ்வொரு ஓகஸ்ட் விடுமுறைக்கும் பத்துப் புத்தகங்களின் பெயரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வரி போட்டு, வாசல் கதவில் ஒட்டுவேன். பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் புத்தகம் எடுப்பார்கள். ஆசிரியர்கள்கூட ‘மிஸ் சொன்னால் பிழை வராது’ என்று சொல்வார்கள். அதைக் கேட்க எனக்குப் பெருமையாக இருக்கும். உண்மையில் அந்தப் பத்தில் ஆறையோ ஏழையோதான் நான் வாசித்திருப்பேன். மிச்சத்துக்குப் பின்னட்டையைப் பார்த்து ஒரு வரி எழுதிவிடுவேன்.

போன வருட விடுமுறையில் தொண்டைமானாற்றிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளை எனக்கு முன்பே தெரியும். அவளுடைய புருஷன் கடலுக்குப் போகிறவர். வைகாசியில் படகு கவிழ்ந்து, அவருடைய தம்பி கடலோடு போனான். அவர் இடுப்பெலும்பு உடைந்து கட்டிலில் கிடந்தார்.

“மிஸ், இவருக்கு வாசிச்சுக் காட்ட ஒரு புத்தகம் வேணும். ஒருத்தரோடையும் கதைக்கிறாரில்லை. கொஞ்சம் சிரிக்கிற மாதிரி ஏதும் இருந்தாத் தாங்கோ.”

மேசையில் மஞ்சள் அட்டை போட்ட ஒரு நாவல் கிடந்தது. அட்டையில் ஒரு படகும் அண்ணன் தம்பி இருவரும். பட்டியலில் நான்காவதாக, ‘வயிறு குலுங்கச் சிரிக்கலாம்’ என்று எழுதியிருந்தேன். நான் அதைத் திறந்தும் பார்க்கவில்லை. கடற்காரருக்குக் கடல் கதை பிடிக்கும் என்று மட்டும் நினைத்தேன்.

“இதைக் கொண்டு போங்கோ பிள்ளை. நல்ல பம்பலான கதை.”

இரண்டு கிழமை கழித்து அவள் திரும்பி வந்தாள். புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு முதலில் மன்னிப்புக் கேட்டாள்.

“பிந்தித் தாறதுக்குக் குறை நினையாதேங்கோ மிஸ். பாதிவரைக்கும் நல்லாச் சிரிச்சார். பிறகு ஒரு பக்கம் திருப்பினன், படகு கவிழுது. தம்பிக்காரன் தாழுறான். நான் வாசிக்கிறதை விட்டிட்டு, அவன் நீந்திக் கரைக்கு வந்திட்டானெண்டு என்ரை பாட்டிலை சொன்னன். அவருக்கு விளங்கீட்டுது. புத்தகத்தைப் பறிச்சுத் தானே வாசிச்சார். வாசிச்சிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான், இண்டையோடை ரெண்டு நாளா ஒண்டும் சாப்பிடேல்லை.”

அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் போனதும் வாசல் கதவில் இருந்த பட்டியலைக் கிழித்தேன். அன்று பின்னேரமே அந்தப் புத்தகத்தை முழுவதும் வாசித்தேன். முதல் நூறு பக்கமும் நிஜமாகவே சிரிப்புத்தான். அதற்குப் பிறகு வருவதை, தம்பியை இழந்த எவருக்கும் நான் தெரிந்து கொடுத்திருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசிக்காமல் தந்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்கு. வழி முழுவதும் அதையே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

அவர் தலையணையில் சாய்ந்து இருந்தார். மனுசியைத் தேத்தண்ணி போட அனுப்பினார். நான் வாயைத் திறக்க முதலே அவர் தொடங்கிவிட்டார்.

“மிஸ்ஸை ஒருக்காப் பாக்க வேணுமெண்டு இருந்தனான். இங்கை வாற ஆக்கள் மழையைப் பற்றிக் கதைப்பினம், மீனைப் பற்றிக் கதைப்பினம். தம்பியின்ரை பேர் மட்டும் ஒருத்தற்றை வாயிலையும் வராது. அந்தக் கதையிலை தமையன்காரன், தான்தான் தம்பியின்ரை கையை விட்டதெண்டு தாயிட்டைச் சொல்லுறான். நானும் கையை விட்டனான் மிஸ். இவளுக்கும் சொல்லாமல்தான் கிடந்தனான். அதை வாசிச்ச மூண்டாம் நாள் சொன்னன். சொன்ன பிறகுதான் சாப்பாடு இறங்கினது.”

அவர் என்னையே பார்த்தார்.

“மிஸ் தெரிஞ்சுதானே தந்தனீங்கள்?”

குசினியில் கேத்தில் மூடி ஆடும் சத்தம் கேட்டது.

“ஓம்,” என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் தேத்தண்ணி கொண்டு வந்தாள். நான் குடித்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது, அவருக்கு நல்லதுதானே நடந்தது என்று எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்தேன். அது என் மனதில் ஏறவில்லை. அந்த மனிதர் தன் வாழ்க்கையிலேயே சொல்லக் கடினமான உண்மையைச் சொன்னார். அவருக்கு முன்னால் இருந்து, மிகச் சின்ன உண்மை ஒன்றைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

இப்போது அவர் ஊன்றுகோலோடு கடற்கரைக்குப் போகிறாராம். அங்கே எல்லோருக்கும் என்னைப் பற்றிச் சொல்கிறார் என்று கேள்விப்பட்டேன். போன திங்கட்கிழமை அவர்கள் வீடு இருக்கும் ஒழுங்கையிலிருந்து வேறொரு பெண் வந்தாள். கைக்குழந்தையைப் பறிகொடுத்து நாலு மாதம் ஆகிறது.

“அந்த அண்ணைக்குத் தந்த மாதிரி எனக்கும் ஒண்டு தாங்கோ மிஸ். உங்களுக்குத்தான் ஆளைப் பாத்துக் குடுக்கத் தெரியுமாம்.”

அலுமாரிப் பக்கம் திரும்பி நின்றேன். கை எந்தப் புத்தகத்துக்கும் போகவில்லை.

“ஒரு கிழமை கழிச்சு வாங்கோ பிள்ளை. நான் வாசிச்சுப் பாத்திட்டுத் தாறன்.”

இன்று ஐந்தாம் நாள். மூன்று நாவல்களை வாசித்து முடித்துவிட்டேன். அவளுக்குக் கொடுக்கக்கூடியதாக ஒன்றும் இல்லை.