குளியலறைகளைக் காட்டியவன்

விடுதியில் சேர்ந்த மூன்றாவது மாதம் என்னை வழிகாட்டி ஆக்கினார்கள். நான் செய்த குற்றம், எனக்குக் குரல் கணீரென்று இருந்ததுதான். திருநெல்வேலியில் ஆற்றை ஒட்டிய ஆண்கள் பள்ளி. மாதத்தின் முதல் ஞாயிறு பெற்றோர் வரும் நாள். பிள்ளையைச் சேர்க்க இடம் பார்ப்பவர்களும் அன்றுதான் வருவார்கள். வார்டன் பக்கத்தில் நிற்க, நான் பள்ளியின் வரலாற்றை ஒப்பிக்க வேண்டும். வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் ஓலைக் கொட்டகையில் ஆரம்பித்தது, மணிக்கூண்டு எழும்பியது, இங்கே படித்தவர் கலெக்டர் ஆனது. பிறகு வசதிகள். கம்ப்யூட்டர் அறை, சுத்திகரித்த குடிநீர், டைல்ஸ் ஒட்டிய குளியலறைகள்.

அந்தக் குளியலறைகளை அந்த ஒரு ஞாயிறு மட்டும் மதியம் திறப்பார்கள், சாயங்காலம் பூட்டுவார்கள். நாங்கள் குளித்தது பின்பக்கத்துச் சிமெண்டுத் தொட்டியில். விசில் அடித்தால் மொள்ள வேண்டும், அடுத்த விசிலுக்கு நிறுத்த வேண்டும். கண்ணில் சோப்பு இருந்தாலும் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் ஈர முதுகில் பிரம்பு விழும். மாடியில் நின்றால் ஆறு தெரியும். போக விடமாட்டார்கள்.

போன் கிடையாது. கடிதத்தை வார்டன் படிப்பார். அப்பா வந்தால் அவரோடு எங்கள் ஊர் உவரிக்கே போய்விடுவது என்று காத்திருந்தேன். கடலுக்குப் போகாத ஒரு ஞாயிறு, பூசை முடிந்து பஸ் பிடித்து வந்தார். நான் பள்ளி வரலாற்றைக் கத்திக்கொண்டிருந்தபோது கூட்டத்தின் கடைசியில் வந்து நின்றார். வார்டனின் கை என் தோளில் இருந்தது. ஒரு வார்த்தை விடாமல் சொல்லி முடித்தேன். குளியலறைக் கதவையும் திறந்து காட்டினேன். அப்பா டைல்ஸைத் தடவிப் பார்த்தார்.

வேப்பமரத்தடியில் தனியாகக் கிடைத்தார். “அப்பா, என்னையக் கூட்டிட்டுப் போயிருங்க. இங்கன அடிக்காங்க. அந்தக் குளியலறை எல்லாம் பொய்.”

“பொய்யா? நீதானல இப்ப வாய் கிழியச் சொன்ன?”

“அப்படிச் சொல்லச் சொல்லுதாங்கப்பா.”

சிரித்தார். “பொய்ய இவ்ளோ அழகாச் சொல்லுத பய ஊருக்கு வந்து என்னல செய்யப்போற? மீன் ஏலம் விடப் போறியா? நாங்க ஓலைத்தட்டிக்குப் பின்னாலதான் குளிக்கோம். பேசாமப் படி. பஸ்ஸுக்கு நேரமாயிட்டு.”

போய்விட்டார். வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினார்.

அன்றே அடுத்து வந்த கூட்டத்தில் ஒரு அம்மா. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வயல் வேலை என்றாள். வார்டன் தள்ளிப் போன நேரம் பார்த்து என் கையைப் பிடித்தாள்.

“அய்யா, மெய்யாச் சொல்லு. எம் பயல இங்கன விடலாமா?”

என் தோளில் யாருடைய கையும் இல்லை. என் அப்பன் என்னைப் போட்டுவிட்டுப் போய்விட்டான், இவள் பிள்ளை மட்டும் ஏன் வீட்டில் இருக்க வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம். வேறு சாக்குச் சொல்ல மாட்டேன்.

“தைரியமா விடுங்கம்மா,” என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. மடியிலிருந்து ஒரு பொட்டலம் அதிரசம் எடுத்துக் கொடுத்தாள். ஜூனில் அந்தப் பையன் வந்து சேர்ந்தான். நான் பள்ளியை விட்டுப் போகும்வரை அவனோடு பேசவே இல்லை.