குளிக்கத் தெரிந்த கறையான்கள்

"கறையான் சாகவேணும், மருந்து மணக்கக் கூடாது" என்று சொல்லாத வீட்டுக்காரரை இந்தத் தொழிலில் நான் இன்னும் சந்திக்கவில்லை. இதே தொழில் செய்கிற உங்களில் யாராவது சந்தித்திருந்தால் கொடுத்துவைத்தவர்கள்.

பத்து நாள்

லிங்கநகரில் துறைமுகக் காற்றுப் படுகிற பழைய ஓட்டு வீடு. சுகந்தி என்ற தாதி, எட்டு மாதக் கர்ப்பிணி, இழுப்பு வருத்தமும் உண்டு. அவருடைய கட்டிலுக்கு நேர் மேலே, கூரையைத் தாங்குகிற வளைமரத்தில் கறையான் மண் குழாய் கட்டியிருந்தது. நஞ்சு அடிக்க வழியில்லை. பூஞ்சணத் தூளைக் குழாய்க்குள் ஊதி ஓட்டையை அடைத்தேன். அது கறையானின் உடம்பில் ஒட்டி முளைத்து உள்ளே புகுந்து கொல்லும். "பத்து நாளில ஒண்டும் மிஞ்சாது" என்று பெரிய ஆள் மாதிரிச் சொன்னேன்.

"பிள்ளை பிறக்க முதல் போகவேணும் அண்ணா. ரெண்டையும் ஒரே வீட்டில வச்சிருக்க ஏலாது."

குளியல்

மூன்றாம் நாள் குழாயை உடைத்தேன். கூட்டாளி கிண்ணியா இக்பால் டோர்ச் அடித்தான். பிணங்களை எதிர்பார்த்துப் போனேன்; எல்லாம் உயிரோடு இருந்தன. ஒன்றையொன்று நக்கித் துடைத்துக்கொண்டிருந்தன, கால், கழுத்து, இடுக்கு என்று ஓரிடமும் விடாமல். அப்படி விழுங்கிய தூள் வயிற்றுக்குள் முளைக்காது. இருமடங்கு ஊதினேன். அதையும் துடைத்தன.

இக்பால் சொன்னான்: "நாம மருந்து போடல்ல மச்சான், இதுகளக் குளிக்க வச்சிருக்கம்."

இரண்டு போத்தல்

ஆத்திரத்தில், தூள் பட்ட கறையான் ஒன்றை ஒரு போத்தலிலும், பத்துப் பன்னிரண்டை இன்னொன்றிலும் போட்டு வைத்தேன். ஏழாம் நாள் தனியாள் வெள்ளைப் பூஞ்சணம் பூத்துக் கிடந்தது. கூட்டம் சுகமாக நடமாடியது. தன் முதுகைத் தானே துடைக்க முடியாது, அவ்வளவுதான் விஷயம். சுகந்தி போத்தல்களைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"வார்டில தொற்று வந்த ஆக்களை நாங்கள் தனிய வச்சுத்தான் காப்பாத்துறனாங்கள். இதுகள் தனிய விட்டாச் சாகுதுகள்."

உளி

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாகாத கறையான் இத்தனை நாளும் வளையைத் தின்றுகொண்டுதான் இருந்திருக்கும்; முதல் நாள் உளியை வீட்டில் மறந்து வந்த நான், ஒரு கிழமையாகத் தூளோடு மல்லுக்கட்டினேனே தவிர வளையை ஒருமுறையாவது தட்டிப் பார்க்கவில்லை. இக்பால் ஏணியில் ஏறி உளியை வைத்து அழுத்தினான். பிடிவரை போயிற்று. "தங்கச்சி, வெளியில போங்கோ!" என்று கத்தினேன். இக்பால் குதித்ததும் வளை முறிந்து ஓடுகளோடு தலையணையில் விழுந்தது. பத்து நாள் என்று சொல்லி அவரை அங்கே படுக்க வைத்தவன் நான்.

சுகந்தி வயிற்றைப் பிடித்தபடி வாசலில் நின்றார். "நேற்று ராவும் நான் இதுக்குக் கீழதான் படுத்தனான் அண்ணா."

கறையானுக்கு அதன் முதுகைப் பார்க்கப் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள்; எங்களை நம்பிப் படுக்கிறவர்களுக்கு மேலே பார்க்க நாங்கள் மட்டும்தான், அதுவும் உளியை வீட்டில் மறந்து வைக்காவிட்டால்.