நிலானிக்கு நான் போட்ட சரிகள்

1. முதல் நாள்

இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பிள்ளைக் காம்பராவுக்குப் பல வருடம் பொறுப்பாக இருந்தேன். அம்மாமார் கொழுந்து எடுக்கப் போகும்போது பிள்ளைகளை எங்களிடம் விட்டுப் போவார்கள். புதுப் பிள்ளை என்றால் முதல் நாள் அழுகை நிச்சயம். நான்கு வயது நிலானி மட்டும் அழவில்லை. நேராக வந்து என் மடியில் உட்கார்ந்தாள்.

“டீச்சர், சாப்பிட்டீங்களா? மொகம் வாடிப் போயிருக்கே.”

நான் சாப்பிட்டிருக்கவில்லை. அன்றே அவளுக்கு அடிமையாகிவிட்டேன்.

வருகிறவர்களை வரவேற்பது அவள் வேலையாயிற்று. “வாங்க தொரை, தேத்தண்ணி குடிக்கிறீங்களா?” என்பாள். தோட்டத்தை நிர்வகிக்கிற துரை சிரிப்பார். கூரை ஒழுகுகிற கதையை நாங்கள் அந்த நேரம் பார்த்துத்தான் எடுப்போம்.

2. கார்டு

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வளர்ச்சிக் கார்டு உண்டு. பேச்சு, நடை, கைவேலை என்று ஒவ்வொன்றாகச் செய்ய வைத்துப் பார்த்துத்தான் சரி போட வேண்டும். நிலானிக்கு நான் பார்க்கவே இல்லை. இப்படிப் பேசுகிறவளுக்கு என்ன குறை என்று மளமளவென்று போட்டுவிட்டேன்.

கிளினிக்குக்கு வந்த டாக்டரிடமும் அவள் போய் ஒட்டிக்கொண்டாள். அவர் கட்டைகளைக் கொடுத்து அடுக்கச் சொன்னார். நான்கு கட்டையைக்கூட அடுக்கத் தெரியவில்லை. பிறகு நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

“படி ஏறினா மூச்சு வாங்குதா டீச்சர்?”

வாங்கியது. பேசிக்கொண்டே ஏறுவதால் என்று நினைத்திருந்தேன்.

“வில்லியம்ஸ் சிண்ட்ரோமா இருக்கலாம். மரபணுவுல ஒரு துண்டு பொறக்கும்போதே இருக்காது. இந்தப் புள்ளைங்க யாருக்கும் பயப்படாம ஒட்டிக்குவாங்க, பேச்சும் கொட்டும். ஆனா இருதயத்துல இருந்து போற பெரிய ரத்தக் கொழா சுருங்கியிருக்கலாம். ஒடனே கண்டிக்குப் போகணும்” என்றார். பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தார். “மனுசன் மனுசனுக்குப் பயப்படாம கிட்ட வந்ததாலதான் பேச்சே வளந்துச்சோன்னு சில ஆராய்ச்சிக்காரங்க நெனைக்கிறாங்க.”

3. லயத்தில்

அவளுடைய அம்மா தனலட்சுமி நம்பவில்லை. கண்டிக்குப் போகவில்லை, பிள்ளையையும் எங்களிடம் அனுப்பவில்லை. தேடிக்கொண்டு அவர்கள் குடியிருந்த லயத்துக்குப் போனேன். வீட்டில் வைத்திருந்த கார்டை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இப்படி வாயாடுற புள்ளைக்கு என்னா வருத்தம்? நீங்கதானே எல்லாம் சரின்னு போட்டீங்க?”

வெட்கம் பிடுங்கித் தின்றது. பேனாவை எடுத்து, பேச்சைத் தவிர மற்ற எல்லாச் சரியையும் அவள் கண்முன்னே வெட்டினேன்.

“பாக்காமப் போட்டது தனம். அவ பேச்சுல மயங்கிட்டேன். தப்பு எம்மேலதான்.”

அவள் கார்டை வாங்கி மடித்துக்கொண்டாள்.

“கண்டிக்கு நீங்களும் வாறீங்களா டீச்சர்? எனக்குச் சிங்களம் வராது.”

போனேன். ஸ்கேனில் அந்த ரத்தக் குழாய் மோசமாகச் சுருங்கியிருந்தது. ஆபரேஷன் செய்தார்கள். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் கஷ்டம் என்றார்கள்.

தேறி எழுந்த நிலானிக்கும் ஒரு சொல் சிங்களம் தெரியாது. ஆனாலும் பக்கத்துக் கட்டில் சிங்களப் பிள்ளையின் அம்மாவிடம் தமிழிலேயே பேசிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா சிங்களத்தில் பதில் சொன்னார். மாலைக்குள் தனலட்சுமியும் அவரும் ஒரே பிஸ்கட் பாக்கெட்டில் கை விட்டார்கள். பயப்படாமல் கிட்ட வந்ததால்தான் பேச்சே வளர்ந்தது என்று கிளினிக் டாக்டர் சொன்னது எனக்கு அங்கேதான் விளங்கியது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அழுகிற பிள்ளையை யாரும் சொல்லாமலே தூக்கிவிடுவீர்கள். உங்களைச் சிரிக்க வைக்கிற பிள்ளையைத்தான் கூப்பிட்டு, உட்கார வைத்து, ஒழுங்காகப் பாருங்கள்.